ஸ்பேனரியல்: ஒரு மாருதி 800-ஐ முன்வைத்து

பாயிரம்

ஒரு நூலின் முகப்பில் எட்டுச் செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் வகுத்த முறை. அதை மீற எனக்குத் துணிவில்லை. ஆக்கியோன்: தமிழில் எம்.ஏ. முடித்து, வாரநாளில் அலுவலகத்திலும் ஞாயிற்றுக்கிழமையில் காருக்கு அடியிலும் கிடப்பவன். வழி: முதல்நூல் கிடைக்காமையால் சொந்தத் தோல்விகளின் வழி. எல்லை: வடக்கே பானெட், தெற்கே டிக்கி, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு: உரைநடை, விரல் நசுங்கும் இடங்களில் மட்டும் வசை. நுதலிய பொருள்: வீட்டில் கார் வேலை பார்க்கிறவன், கொடுத்த காசு செரிக்கும்படியான ஒரு ஸ்பேனர் செட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. கேட்போர்: லுங்கியில் கிரீஸ் பட்டதற்காக வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள். பயன்: மெக்கானிக் முன்னால் தலைகுனியாமை.

இவற்றோடு காலம், களன், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. காலம், கோடை. களன், குரோம்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடம். காரணம், என் மாமனார்.

காரணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மாமனார் மதுரையில் பல காலம் அம்பாஸடர் ஓட்டியவர். வண்டியை விற்றபோது அதனோடு போகாமல் வீட்டில் தங்கிவிட்டது காக்கித் துணியில் சுருட்டிய ஒரு ஸ்பேனர் கட்டு. அதை என் கையில் கொடுத்து, "மாப்பிள்ளை, இதுக்கு அழிவே கிடையாது. பேரன் காலத்துக்கும் வரும்" என்றார். இரும்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சத்தியம். அந்தக் கட்டை நம்பி என் மாருதி 800-இன் ஃபேன் பெல்ட்டை இறுக்கப் புகுந்தேன். ஆல்டர்னேட்டரைப் பிடித்திருக்கிற போல்ட்டின் தலை 12 மில்லிமீட்டர். கட்டிலிருந்து என் கைக்கு வந்தது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். வாய்க்கும் தலைக்கும் நடுவே முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. உறவினர்களுக்குள் இந்த அளவு இடைவெளியை நாம் மனஸ்தாபம் என்றே கருதமாட்டோம். மூன்றாவது திருப்பில் அறுகோணம் வட்டமாயிற்று. பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பலகோணம் வட்டத்தை நெருங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு பக்கம்கூடக் கூட்டாமல் அதைச் சாதிக்கலாம் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தெருமுனை மெக்கானிக் பாய் வந்து எட்டிப் பார்த்தார். "மொழுக்கிட்டீங்களே சார்" என்றார். இழவு வீட்டில் பேசும் குரல். பிறகு காக்கிக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இஞ்சு சார். உங்க வண்டி மில்லி. ரெண்டுக்கும் ஆகாது" என்றார். இவ்வாய்வின் மூலவாக்கியம் இதுவே. இனி வருவன எல்லாம் இதன் உரை.

எழுத்ததிகாரம்

இங்கே எழுத்து என்றது ஸ்பேனரின் உடம்பில் பொறித்த எண்ணையும் எழுத்தையும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், வாயின் அகலத்தை என்று எவரும் சொல்வார். அற்றன்று. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் திருகுமறைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். அதுவரை ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. மறையின் கோணம் 55 பாகை, இன்ன தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்று அவர் வரையறுத்தார். நல்ல காரியம். ஆனால் அவர் மரபில் வந்த ஸ்பேனரின் மேல் எழுதிய எண், போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு அன்று. கால் அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரை அளந்தால் அதன் வாய் அரை அங்குலத்தைத் தாண்டும். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவதைத் தமிழில் ஆகுபெயர் என்கிறோம். ஆகுபெயரைக் கையில் பிடித்துக்கொண்டு நட்டு கழற்றிய இனம் ஆங்கிலேயர்.

பின்னால் வந்த அங்குல ஸ்பேனர்களும் எல்லா மில்லி ஸ்பேனர்களும் நேர்மையானவை. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையே தம் பெயராகக் கொண்டவை. மாமனாரின் கட்டு இந்த அங்குல வகை. இவற்றில் சில மில்லியோடு ஒத்துப்போகவும் செய்யும். முக்கால் அங்குலம் 19.05 மில்லி, 19-க்கு அது உடன்பிறப்பு. 5/16 அங்குலமும் 8 மில்லியும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளும். அரை அங்குலத்துக்குத்தான் 12-உம் ஆகாது, 13-உம் சரியாகாது. நான் கட்டிலிருந்து உருவியது அதைத்தான்.

மில்லிக்குள்ளேயும் சைவம் வைணவம் உண்டு. 8 மில்லி தண்டுள்ள ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் வழிவந்த வண்டியில் அதற்கு 12 மில்லித் தலை. ஜெர்மனி வழிவந்த வண்டியில் 13. தண்டு 10 மில்லியானால் ஜப்பானில் தலை 14. ஜெர்மனியில் பழைய கணக்குக்கு 17, புதிய கணக்குக்கு 16. சுசுகியின் வயிற்றில் பிறந்த மாருதிக்காரனும் போலோ வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரரும் ஒரே தண்டுக்கு இரு தலை கொண்டாடுகிறவர்கள். இந்த இரு சமயத்தாரும் கருத்து வேறுபாடின்றி வணங்கும் எண் ஒன்று உண்டு. 6 மில்லித் தண்டுக்கு இரு பக்கமும் 10 மில்லித் தலையே. பேட்டரி டெர்மினலிலும் அதுதான், ஏர் ஃபில்டர் பக்கத்திலும் அதுதான். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் எல்லா வீடுகளிலும் முதலில் காணாமற்போவதை ஊழ் என்றும் கண்ணேறு என்றும் சொல்லிவந்தோம். ஊழ் அன்று, தேவை. எல்லோருக்கும் வேண்டியவன் எவர் வீட்டிலும் தங்கமாட்டான்.

அடுத்து, கம்பெனிப் பெயர். விகாரம் மூவகை: தோன்றல், திரிதல், கெடுதல். நடைபாதையில் விரித்து வைத்திருக்கும் ஸ்பேனர்களில் மூன்றுக்கும் உதாரணம் கிடைக்கும். பிரபலமான பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தால் தோன்றல். ஓர் எழுத்து மாறியிருந்தால் திரிதல். ஓர் எழுத்து விழுந்திருந்தால் கெடுதல். வாங்கியவனின் நட்டும் பிறகு அதே வரிசையில் விகாரப்படும். அசல் பெயர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. நாசிக்கில் டபாரியா இருக்கிறது. ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவி செய்தே பெயர்பெற்ற ஊர்கள். இந்தியத் தர எண்ணும் உண்டு: திறந்த வாய் ஸ்பேனருக்கு 2028, ரிங் ஸ்பேனருக்கு 2029. கடையில் இந்த எண்களைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை அரசாங்க ஆய்வாளர் என்று நினைத்து நாற்காலி போடுவார். விலை மட்டும் குறையாது.

உடம்பில் இன்னொரு பொறிப்பு, க்ரோம் வனேடியம். க்ரோம் என்ற சொல்லைக் கண்டதும் மயங்குகிறவன் நான், குடியிருப்பதே குரோம்பேட்டையில். ஆனால் எங்கள் ஊருக்குப் பெயர் தந்த குரோம் தோல் பதனிட்ட குரோம். ஸ்பேனரில் க்ரோம் இரண்டு இடத்தில் வரும். மேலே பளபளப்பது பூச்சு; துரு பிடிக்காமல் காக்கும், வலிமைக்கு அதனால் ஒன்றும் இல்லை. எஃகின் உள்ளே கலந்திருப்பதே பொருட்படுத்த வேண்டியது. நூற்றுக்கு ஒன்று அளவில் குரோமியம், அதிலும் சிறு பங்காக வனேடியம். சாம்பாரில் பெருங்காயம்போல அளவு சொற்பம், இல்லாவிட்டால் தெரிந்துவிடும். எஃகு முழு வல்லினமாக இருந்தால் ஸ்பேனர் படீரென்று உடையும். மெல்லினமாக இருந்தால் வாய் மெல்ல விரிந்துகொடுக்கும். நல்ல ஸ்பேனர் இடையினம். மட்டமானது மெல்லினம் என்பதைப் பார்வையால் அறிய முடியாது. பளபளப்பில் அது அசலை மிஞ்சும். பூச்சைப் பளபளக்கப் பண்ணியவன் உள்ளே என்ன போட்டான் என்பது முதல் ஜாம் ஆன போல்ட்டில்தான் வெளிவரும்.

சொல்லதிகாரம்

ஜெர்மானிய மொழியில் விறைக்க இழுத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் ஸ்பேனர். முதலில் அதைப் பிடித்த கை மெக்கானிக்கின் கை அல்ல, சிப்பாயின் கை. சக்கரம் சுழன்று தீப்பொறி பறக்கும் பழைய துப்பாக்கியின் வில்லை முறுக்க ஒரு சாவி வைத்திருந்தான்; அதன் பெயர்தான் ஸ்பேனர். சாவி என்றதும் ஒரு கிளைக்கதை. நம் சாவி போர்த்துகீசியரிடம் வந்த சொல். அவர்கள் மொழியில் பூட்டுச் சாவிக்கும் ஸ்பேனருக்கும் ஒரே பெயர்தான். நாம் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நட்டை விட்டுவிட்டோம். இந்த அறிவின் செருக்கில் ஒருநாள் பாயிடம், "பத்தாம் எண் திருகுசாவி இருக்குதா பாய்?" என்று கேட்டேன். அவர் என் காரின் சாவியை எடுத்து நீட்டினார்.

பாய் சொல்வது 'இஸ்பேனர்'. சிரிக்க வேண்டாம். தமிழில் சொல்லின் முதலில் புள்ளியுள்ள மெய் நிற்காது. அதனால் முன்னே ஓர் இகரத்தை ஏற்றுகிறார். 'நட்' என்று டகர மெய்யில் சொல் முடியாது. அதனால் பின்னே ஓர் உகரத்தை ஏற்றி 'நட்டு' என்று வன்தொடர்க் குற்றியலுகரமாக்குகிறார். எம்.ஏ. படித்த நான் ஸ்பேனர், நட் என்று வழூஉச்சொல் பேச, பட்டறையில் வளர்ந்த பாய் இலக்கணம் பிசகாமல் பேசுகிறார். புத்தி பிசகியவனை 'நட்டு கழண்டவன்', 'மறை கழண்டவன்' என்று சொல்லும் மொழியில், கழன்றதை மாட்ட எத்தனாம் நம்பர் என்று மட்டும் எந்த அகராதியிலும் இல்லை.

வகைகளுக்கு வருவோம். இரண்டு முனையிலும் திறந்த வாயுள்ளது டபுள் எண்ட். அதன் தலை கைப்பிடியிலிருந்து 15 பாகை சாய்ந்திருப்பதைச் செய்தவன் கைப்பிசகு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இடுக்கான இடத்தில் நட்டை ஒரு பட்டை திருப்ப 60 பாகை வீச்சு வேண்டும்; அவ்வளவு இடம் இருக்காது. 30 பாகை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் போட்டால் அந்தச் சாய்வு அடுத்த 30 பாகைக்கு வாயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோசையைத் திருப்பிப் போடுவதுபோல. இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, ஒரே பக்கம் வைத்துக் கைமுட்டியைத் தேய்த்துக்கொண்டே ஐந்தாண்டு ஓட்டினேன்.

திறந்த வாய் நட்டின் இரண்டு பட்டைகளை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் ஆறு மூலைகளையும் ஒருசேரப் பிடிக்கும். ஆகவே இறுகிக் கிடப்பதை முதலில் நெகிழ்த்துவது ரிங்கின் வேலை. நெகிழ்ந்தபின் ஓட்டிக் கழற்றுவது வாயின் வேலை. இந்த முறையை மாற்றிச் செய்வதால் வட்டமாகும் போல்ட்டுகளே மெக்கானிக்குகளின் ஞாயிற்றுக்கிழமை வருமானம். ஒரு முனை வாய், மறுமுனை ரிங், இரண்டும் ஒரே அளவு என்றால் காம்பினேஷன். சாக்கெட் இடைச்சொல் போன்றது. ராட்செட்டைச் சார்ந்தன்றித் தனித்து இயங்காது. இனி ஸ்க்ரூ ஸ்பேனர். ஸ்வீடன் நாட்டு யோஹான் பெட்டர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் பேரப்பிள்ளை அது. பலபொருள் ஒருசொல், எந்த நட்டுக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும். அரசியலில் இப்படிப்பட்டவர்கள் உயர்கிறார்கள். கார் வேலையில் நழுவுகிறார்கள். குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளதிகாரம்

பொருள் என்றது இங்கே பணம்.

கடையில் விற்கிற சாதாரண டபுள் எண்ட் செட்டில் எட்டு உருப்படி: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. விற்பவர் கணக்கு எளிது. எண்ணூறு ரூபாய் செட் என்று வைத்துக்கொண்டால், பதினாறு வாய், வாய்க்கு ஐம்பது. நானும் இந்தக் கணக்கில் மகிழ்ந்து ஒன்று வாங்கி வந்து, ரிங் செட் ஒன்றும் வேண்டும் என்று மனுப்போட்டேன். மனைவி கேட்டாள்: "ஏங்க, எட்டு ஸ்பேனர் இருக்குல்ல, இன்னும் எட்டு எதுக்கு?" இரண்டு பட்டைக்கும் ஆறு மூலைக்கும் உள்ள வேற்றுமையை விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "நாங்க கரண்டி எத்தனைன்னு பார்த்து வாங்குறதில்ல. என்ன சமைக்கிறோம்னு பார்த்து வாங்குறோம். உங்க கார்ல எந்தெந்த நட்டு இருக்குன்னு எண்ணினீங்களா?" என்றாள்.

எண்ணவில்லை. ஒரு வாரம் கழித்து எண்ணினேன். பானெட் திறந்து ஒரு ஞாயிறு, ஜாக்கி போட்டு ஒரு ஞாயிறு. நான் கை வைக்கக்கூடிய இடங்களில் என் வண்டி கேட்டவை 8, 10, 12, 14, 17, 19. சக்கரத்தின் பதினாறு நட்டும் 19; பாதி வண்டி 10-உம் 12-உம். ப்ளக் கழற்றத் தனி ப்ளக் ஸ்பேனர். அது இந்தச் செட்டில் வராது. ஆக, பதினாறு வாயில் உழைப்பவை ஆறு. எண்ணூறை ஆறால் வகுத்தால் வாய்க்கு நூற்று முப்பத்து மூன்று ரூபாய். விற்பவர் சொன்ன ஐம்பது எங்கே?

இதைவிட வியப்பானது அந்த ஆறும் அமைந்திருக்கும் விதம். 8-9 ஒரு தம்பதி. கணவனுக்கு வேலை, மனைவிக்கு இல்லை. 10-11 அப்படியே. 12-13 அப்படியே. 14-15, 16-17, 18-19 எல்லாவற்றிலும் ஒருவருக்கு உத்தியோகம், ஒருவர் வீட்டில். முதலில் நிற்கும் 6-7-உம் கடைசியில் நிற்கும் 20-22-உம் முழுக்குடும்பமே வேலையில்லாதவை. (20-22-க்குப் பின்னால் வேலை கிடைத்தது. மொட்டைமாடியில் வடகத் துணி பறக்காமல் ஒரு மூலையில் பாரமாக இருக்கிறது. நல்ல எடை.) ஜெர்மன் வழி வண்டிக்காரருக்கு இதே செட்டில் 13, 16, 18 சம்பாதிக்கும், 12, 14 படுத்திருக்கும். செட் ஒன்றே. குடும்பத் தலைவர்தான் வண்டிக்கு வண்டி மாறுகிறார்.

இன்னொரு குறையும் வெளிப்பட்டது. போல்ட்டின் தலையை ஒரு கையால் பிடித்து, மறுபுறம் நட்டை இன்னொரு கையால் திருப்ப வேண்டிய இடங்கள் பல. தலையும் 12, நட்டும் 12. ஒரே செட்டில் 12 ஒன்றுதான். இந்த இடத்தில்தான் என் ரிங் செட் மனு நியாயமானது என்று நிரூபணமாயிற்று. ஒருபொருட் பன்மொழியைப் புலவர்கள் குற்றமன்று என்பார்கள். பட்டறையில் அது கட்டாயம்.

இனி, 108 உருப்படிப் பெட்டி. பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொன்றும் தன் குழியில் துயிலும் காட்சி எவர் மனத்தையும் கரைக்கும். எண்ணிப் பாருங்கள்: பெரும்பகுதி திருப்புளி முனைகள், ஆலன் கீகள், வாழ்நாளில் பார்க்காத அளவுகளில் குட்டிச் சாக்கெட்டுகள். நீளமான கைப்பிடியுள்ள நேரான ஸ்பேனர் பல பெட்டிகளில் ஒன்றுகூட இல்லை. வைணவத் திவ்ய தேசங்களும் 108. அவற்றில் இரண்டு, திருப்பாற்கடலும் பரமபதமும், இந்தப் பூவுலகில் இல்லை. பெட்டியிலும் அந்த விதியே. வாங்கிய மாதத்துக்குள் இரண்டு பூவுலகை நீங்கிவிடும். ஒன்று எது என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்ததிகாரத்தில் நிறுவியாயிற்று.

ஆய்வின் முடிபு இது. முதலில் ஒரு நல்ல பெயருள்ள ரிங் செட், எட்டு உருப்படி. பிறகு உங்கள் வண்டிக்குரிய மூன்று நான்கு அளவுகளில் மட்டும் காம்பினேஷன் ஸ்பேனர்; ஹார்டுவேர் கடையில் சில்லறையாகவும் தருவார்கள். மாருதி, ஹூண்டாய் வீடுகளுக்கு 10, 12, 14. பத்தை மட்டும் இரண்டாக வாங்கவும். ப்ளக் ஸ்பேனர் ஒன்று. சாக்கெட் செட் அடுத்த போனஸுக்கு. டபுள் எண்ட் செட்டைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன். முறைப்படி அது கடைசி.

கடைக்குப் போகும்போது ஜாதகம் கொண்டுபோவதுபோல 10, 12, 14 தலையுள்ள புது போல்ட் மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயில் வைத்து ஆட்டிப் பாருங்கள். வழுக்கி உட்கார வேண்டும், லொடலொடவென்று ஆடக்கூடாது. வாயின் இரண்டு உதடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா, அடித்தெடுத்த பிசிறு ஓரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பொருத்தம் பார்க்காமல் முடித்த சம்பந்தத்தின் கதையை முன்னமே சொன்னேன்.

நீளம் பற்றியும் ஒரு சொல். சிறிய ஸ்பேனர் குட்டையாகவும் பெரியது நெடியதாகவும் இருப்பது அழகுக்காக அன்று. குட்டைக் கைப்பிடியால் சிறிய போல்ட்டை முறிக்கும் அளவுக்கு அழுத்த முடியாது. அது ஒரு காவல். 10-ஆம் நம்பரில் குழாயைச் செருகி நீட்டுகிறவர்கள் அந்தக் காவலைக் கொன்றுவிட்டு, போல்ட் முறிந்தபின் ஒப்பாரி வைக்கிறார்கள். சக்கர நட்டை இறுக்கும்போது வீல் ஸ்பேனர் மேல் ஏறி மிதிப்பதும் அத்தகையதே. 60 கிலோ ஆள் 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் ஏறி நின்றால் 147 நியூட்டன் மீட்டர் முறுக்கு. சின்னக் காரின் சக்கர நட்டுக்கு 100-க்குள் போதும். கழற்றும்போது மிதிக்கலாம். மாட்டும்போது கை போதும். நடுவழியில் பஞ்சரானால் அந்த நட்டைத் திரும்பக் கழற்றப் போகிறவரும் நீங்கள்தான்.

அகம் முடிந்தது, புறம் சிறிது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பேனர்கள் சாக்கில் குவிந்து கிடக்கும். புதுப்பேட்டையிலும் கிடைக்கும். பழையது என்று ஒதுக்க வேண்டாம். ஒரு முதலாளி கையில் பல ஆண்டு உழைத்தும் வாய் விரியாத ஸ்பேனர், தேர்வு எழுதித் தேறியது. பூச்சு உரிந்திருந்தால் பரவாயில்லை. உதடு தேய்ந்திருந்தால் வேண்டாம். அங்குலமா மில்லியா என்று மட்டும் எண்ணைப் பார்த்து எடுங்கள். பின்ன எண்ணைக் கண்டால் கீழே போட்டுவிடுங்கள், மாமனார் நினைவு எவ்வளவு பெருகினாலும்.

புறத்திணையில் வெட்சி என்பது பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவது. கரந்தை அதை மீட்பது. இரண்டாம் மாடியில் போலோ வைத்திருக்கும் நண்பர் சென்ற தை மாதம் வெட்சி சூடி வந்து, "சார், அந்தப் பதிமூணு ஒரு நிமிஷம்" என்றார். கொடுத்தேன். அவருக்கு வேண்டியது 13. ஆனால் அதன் மறுமுனை 12. அவருடைய 13-ஐ அவர் கொண்டுபோகும்போது என்னுடைய 12-உம் உடன்கட்டை ஏறிப் போய்விட்டது. இரண்டையும் வெட்டிப் பிரிக்க வழியில்லை. ஒரு நிமிஷம் இப்போது நான்கு மாதத்தைத் தாண்டிவிட்டது. ஃபேன் பெல்ட் மறுபடியும் கீச்சிடுகிறது. புது போல்ட்டின் தலையை ரிங்கால் பிடித்தால் பின்னால் இருக்கும் நட்டைப் பிடிக்க எனக்கு இன்னொரு 12 இல்லை. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்க நினைக்கிறேன். அவர் குழந்தையின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஆகையால் இக்கட்டுரை வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். சார், அந்தப் பன்னிரண்டு-பதிமூன்றை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பதிமூன்றில் ஒரு காம்பினேஷன் நானே வாங்கித் தருகிறேன்.